விஜிக்குக் கை வழங்கிய விழா

ராஜபாளையத்தில் விஜியின் கைக்கு எவ்வளவு பெயர் இருந்ததோ, அவ்வளவு பெயர் அவள் வாய்க்கும் இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டாவது ஆள் நுழைந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டிய அளவில் ஒரு கடை. பஞ்சாலை மிஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டு பழுதானால் கம்பெனிக்காரன் கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போவான். அதே போர்டை விஜி ஒரு மத்தியானத்தில் ஓட வைத்துக் கொடுப்பாள். கூடவே நாலு வார்த்தையும் கொடுப்பாள். அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

செல்போன் கொண்டுவருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். தண்ணீரில் போட்ட போனை நீட்டி, "அதுவா நின்னு போச்சுக்கா" என்று ஒருத்தன் சொன்னால், "ஆமா, அதுவா நடந்து போயி வாளியில குதிச்சிருக்கு. அதுக்கு என்ன மனக்கஷ்டமோ" என்பாள். வந்தவன் முகம் சிறுத்துப் போகும். ஆனாலும் அடுத்த முறை அவன் அங்கேதான் வருவான். திட்டு வாங்காமல் ரிப்பேர் செய்துகொள்ள ஊரில் வேறு மூன்று கடைகள் இருந்தன. அங்கே மரியாதை கிடைக்கும், போன்தான் ஓடாது.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. சொந்த ஊர் சோழபுரம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு மில்லில் ஒன்பது வருஷம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தாள். பெண்பிள்ளை ஏணி ஏறக் கூடாது என்று அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஏணியில் ஏறிய ஆண்கள் பழுது எங்கே இருக்கிறதென்று தெரியாமல், கீழே நிற்கும் இவளிடம் கேட்பார்கள். இவள் அண்ணாந்து பார்த்துச் சொல்லுவாள். அவர்களுக்குப் பதவி உயர்வு வரும். ஒன்பது வருஷம் இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கடை போட்டாள். கணவன் பாண்டிதுரை ராணுவத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வந்து, கடையை எப்படி நடத்த வேண்டும் என்று விளக்கிவிட்டு, நாட்டைக் காப்பாற்றப் போய்விடுவான்.

போன வருஷம் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுடலையம்மாள் என்ற அம்மாள் மஞ்சள் பையோடு வந்தாள். அங்கே ஒரு பால்கோவா கடையில் பொட்டலம் கட்டுவது அவள் வேலை. பையிலிருந்து வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டை விரல்களால் குமிழைத் திருகி, மற்ற விரல்களால் பட்டன்களை அமுக்கி ஆடுகிற சாமான். குமிழ் ஒன்று பிய்ந்திருந்தது. ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது.

"இதை எந்த நாய் கடிச்சது?" என்றாள் விஜி.

"நாய் இல்ல தாயி, எம் மக மாரிசெல்வி. ஒம்பது வயசுல மூட்டுவாதம் வந்து வெரலெல்லாம் மடங்கி இறுகிப் போச்சு. தாடையாலயும் பல்லாலயுந்தான் இந்தப் பந்து வெளையாட்ட ஆடுதா."

விஜி பழுதான குமிழைச் செத்த நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஆளைப் பார்க்காமல் இதைத் தொட மாட்டேன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள்.

மாரிசெல்விக்கு இருபத்தாறு வயது. வீட்டிலிருந்தபடியே ஒரு பஸ் டிக்கெட் கம்பெனிக்கு, வாயால் பேசிக் கம்ப்யூட்டரில் எழுத்தாக்கி, கோபமாக இருக்கும் பயணிகளுக்குப் பதில் அனுப்புகிற வேலை. பகல் முழுக்க ஊரார் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு, சாயங்காலம் ஆன்லைனில் பந்து ஆடித் தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்வாள். அந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஓர் ஆட்டக்காரன். கோல்கீப்பர்கூட எங்கோ ஓர் ஊரில் கன்ட்ரோலர் பிடித்து உட்கார்ந்திருக்கும் மனிதன்தான்.

விஜி முதலில் செய்துகொண்டு போனது, மில் மிஷின்களை அவசரத்துக்கு நிறுத்தும் பெரிய சிவப்புப் பட்டன்களை வைத்து ஒரு பலகை. கை முடியாதவர்களுக்குப் பட்டன் பெரிதாக இருந்தால் போதும் என்று, ஊர் உலகம் நினைப்பதையேதான் அவளும் நினைத்திருந்தாள். மாரிசெல்வி மடங்கிய கையால் ஒரு பட்டனை நாலு தரம் குத்திப் பார்த்தாள்.

"அக்கா, இதை அமுக்கணும்னா ஆண்டாள் தேரு இழுக்கிற ஆளுகளத்தான் கூட்டிட்டு வரணும்."

வாய்க்குப் பேர்போன விஜியிடம் அப்படிப் பேசிய முதல் வாடிக்கையாளர் அவள்தான். விஜிக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப் போயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல் பலகையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் போனபோது ஒரு பெரிய தாம்பாளம் கேட்டு வாங்கி, அதில் கோலப்பொடியை மெல்லிசாகப் பரப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு, வலிக்காமல் கை எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் தேய்க்கச் சொன்னாள். இடது கை அரை வட்டமாக ஒரு சாண் விலக்கியது. வலது கை நாலு விரற்கடை அகலத்துக்குமேல் நகரவில்லை. பொடி விலகிய இடம்தான் மாரிசெல்வியின் எல்லை, அதற்கு வெளியே ஒரு பட்டன்கூட இருக்கக் கூடாது என்று விஜி முடிவு செய்தாள். தாளில் அளவெடுத்துக்கொண்டாள். சுடலையம்மாள் தாம்பாளத்தைக் கழுவி எடுத்து வைத்தாள்.

பிறகு நாலு மாதம், ஆறு பலகை. நூற்பு மிஷினில் நூல் அறுந்ததும் ஓட்டத்தை நிறுத்தச் சின்ன சுவிட்சு ஒன்று உண்டு. நூலின் எடைக்கே அமுங்கும். பட்டன்களுக்கு அடியில் அதை வைத்தாள். குமிழின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பேனா ஸ்பிரிங் போட்டாள். மடங்கிய கை அப்படியே உட்காருகிற மாதிரி ஒரு கிண்ணம் பொருத்தி, வழுக்காமல் இருக்க சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைச் சுற்றினாள். மீதி இரண்டு பட்டனை முழங்காலுக்கு இறக்கினாள். ஒவ்வொரு பலகைக்கும் மாரிசெல்வி ஒரு குறை சொன்னாள். ஒன்றில் பந்து தானாக ஓடியது, ஒன்றில் மணிக்கட்டு வலித்தது. ஆறாவதை வைத்து ஒரு மணி நேரம் ஆடினாள், ஒன்றும் சொல்லவில்லை. விஜி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாரிசெல்விக்கு அதற்கப்புறம்தான் உண்மையான ஆசை வந்தது. கரூர்க்காரன் ஒருவன் கேப்டனாக இருக்கும் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. மூன்று ஆட்டம் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பான். இரண்டு ஆட்டம் முடிந்து, அவன் இரண்டிலும் திட்டியிருந்தான். மூன்றாவது வருகிற ஞாயிறு காலை பதினொன்றரைக்கு. அவளுடைய கை இப்படி என்று அந்த அணியில் யாருக்கும் தெரியாது.

"ஏட்டி, சொன்னா என்ன? தின்னுருவானுகளா?" என்று விஜி கேட்டாள்.

"முன்னால ஒரு டீம்ல சொன்னேன்க்கா. மறுநாள்ல இருந்து எதிராளி கோல்கீப்பர் ஒதுங்கி நிக்கான். நான் சும்மா உருட்டிவிட்ட பந்தெல்லாம் கோலு. எல்லாரும் கை தட்டுதாக. அன்னிக்கு அழுத மாதிரி, கை வலிக்குக்கூட நான் அழுததில்லக்கா."

விஜிக்கு அது நன்றாகவே புரிந்தது. ஏணியின் கீழே நின்ற ஒன்பது வருஷத்தில் அவளையும் எல்லோரும் பாவம் என்றுதான் சொன்னார்கள், ஏணியை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கருணைத்துளி நற்பணி மன்றம் கதைக்குள் வருகிறது. அதன் தலைவர் பால்சாமி. சுடலையம்மாள் பொட்டலம் கட்டும் கடைக்கு முதலாளியும் அவரே. பதினோரு வருஷமாக ஏழை எளியவர்களுக்கு உதவி செய்துவருகிறார். அதில் ஒரு உதவிகூட போட்டோ எடுக்காமல் நடந்ததில்லை. இந்த வருஷ விழாவுக்குத் தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் தயார். ஆனாலும் ஏதோ குறைவதாக அவருக்குப் பட்டது. நவீனமாக ஒன்று வேண்டும். அந்த நேரம் பார்த்து சுடலையம்மாள், மகளுக்கு ராஜபாளையத்தில் ஒரு தாயி செய்துகொடுத்த சாமானைப் பற்றிக் கடையில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள்.

வியாழக்கிழமை மன்றத்தின் செயலாளர் முத்துப்பாண்டி வீட்டுக்கு வந்தார். மாரிசெல்வி ஆஸ்பத்திரிக்குக் கைப் பயிற்சிக்குப் போயிருந்தாள். கன்ட்ரோலரைக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மேடையில் தலைவர் கையால் வழங்குவார் என்றார்.

"அது ஏற்கெனவே அவகிட்ட இருக்கே அண்ணாச்சி. எதுக்கு வாங்கிட்டுப் போயித் திரும்பக் குடுக்கணும்?" என்று சுடலையம்மாள் கேட்டாள்.

"இருந்தா என்னம்மா? போன வருசம் தையல் மிஷின் குடுத்தோம்ல, அதுல மூணு பேரு ஏற்கெனவே வச்சிருந்ததுதான். வாங்கிட்டுப் போயி, தொடைச்சு, மேடையில குடுத்தோம். அவுக அழுதுட்டாக."

முதலாளி கேட்டதை இல்லையென்று சொல்லிவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு கடைக்குப் போவது? சுடலையம்மாள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் வரை மகளிடம் திட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு மாரிசெல்வி விஜிக்குப் போன் செய்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே விஜி கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். மாரிசெல்வி முதல் வரிசையில், "பயனாளி எண் 14" என்று நெஞ்சில் அட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழா ஒன்பதரைக்கு. சிறப்பு விருந்தினர் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டதாக ஒன்பதரைக்கு அறிவித்தார்கள். பத்து மணிக்கும் கிளம்பிவிட்டதாக அறிவித்தார்கள். பத்தே முக்காலுக்கு, அவர் உண்மையாகவே கிளம்பிவிட்டதாக அறிவித்தார்கள்.

விஜி மேடைக்குப் பின்னால் போய் முத்துப்பாண்டியைப் பிடித்தாள். "அண்ணாச்சி, அந்தப் பதினாலாம் நம்பர் சாமான இப்பவே குடுத்துருங்க. அவசர வேல இருக்கு."

"மேடையில பேரு கூப்பிட்டாத்தாம்மா குடுக்க முடியும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முறை இருக்கிற ஆளிடம் முறையாகப் பேசிப் பயனில்லை என்று விஜிக்குத் தெரியும். "சரி, பேட்டரி போட்டிருக்கீகளா? சிறப்பு விருந்தினர் கையில வாங்கும்போது லைட்டு எரிய வேண்டாமா?"

முத்துப்பாண்டியின் முகம் மாறியது. எரிய வேண்டும், கண்டிப்பாக எரிய வேண்டும் என்று அவரே பெட்டியை எடுத்துக் கொடுத்தார். விஜி அதைத் தூக்கிக்கொண்டு, தாயையும் மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு, மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜிகினாத் தாளைப் பிரித்துப் பெட்டியைத் திறந்தாள். நாலு பட்டனிலும் சிவப்பு எனாமல் பெயிண்ட். முதல் பட்டனில் "உபயம்", இரண்டாவதில் "பா. பால்சாமி", மூன்றாவதில் "தலைவர்", நாலாவதில் மன்றத்தின் பெயர், இடம் போதாமல் விளிம்பைத் தாண்டிப் பலகை வரைக்கும். பெயர் அழியாமல் இருக்க மேலே வார்னிஷ். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்துக்கு இடம் விடாமல் பேர் எழுதுகிற அதே ஓவியர்தான் இதையும் எழுதியிருக்க வேண்டும். வார்னிஷ் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, நூல் எடைக்கே அமுங்கும் பட்டன் இப்போது கட்டை விரலால் குத்தினாலும் அசையவில்லை.

மாரிசெல்விக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்க அவளுக்கு வழியில்லாமல் சுடலையம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அழுகிறத ஆட்டம் முடிஞ்ச பொறவு வச்சுக்கோ" என்றாள் விஜி. தொகுப்பாளினிப் பெண்ணிடம் நகப்பூச்சு அழிக்கும் திரவம் வாங்கிவந்து, பையிலிருந்த பிளேடால் சுரண்ட ஆரம்பித்தாள். பால்சாமியின் இனிஷியலில் தொடங்கினாள். அதில் ஒரு திருப்தி இருந்தது. பதினொன்று பத்துக்கு மூன்று பட்டன் விட்டது. நாலாவது பாதிதான் விட்டது. இனி நேரமில்லை. இருவரையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். காலிப் பெட்டிக்குள், விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க அடுக்கி வைத்திருந்த பால்கோவா பொட்டலங்களை எடைக்கு நிரப்பி, தாளைப் பழையபடி ஒட்டிக் கொண்டுபோய் வைத்தாள். அதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

சிறப்பு விருந்தினர் பதினொன்றே காலுக்கு வந்தார். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, பொன்னாடைக்குப் பதில் பொன்னாடை எல்லாம் முடிந்து, பொருள்கள் வழங்கத் தொடங்கும்போது மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டாம் நம்பர் சைக்கிள் போனதும் முத்துப்பாண்டி வியர்த்துப்போய் ஓடிவந்தார்.

"பதினாலு எங்கம்மா?"

"வயித்துக்குச் சேரல. வீட்டுக்குப் போயிட்டா. பெட்டிய நான் கொண்டுபோயிக் குடுத்துருதேன்."

"அய்யோ, அவதான்ம்மா இன்னிக்கு முக்கியம். பேப்பர்காரங்க அதுக்குத்தான் வந்திருக்காக. சரி, அவிய வரலைன்னா நாம போயிருவோம். வீடு பக்கந்தானே? தலைவர், சிறப்பு விருந்தினர், வீடியோ எல்லாரும் போயி வீட்டுல வச்சே குடுத்துருவோம். மேள செட்டும் வாசல்ல சும்மாத்தான் நிக்கி."

மாரிசெல்வி இப்போது காதில் மைக் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பாள். மேளம் கொட்டிக்கொண்டு இந்தக் கூட்டம் உள்ளே நுழைந்து, கை விளங்காத பெண் என்று பால்சாமி பேச ஆரம்பித்தால், ஒரு எழுத்து விடாமல் கரூர்க்காரன் காதில் விழும். அதற்கப்புறம் எல்லா கோல்கீப்பரும் ஒதுங்கி நிற்பான்.

"வேண்டாம் அண்ணாச்சி. நானே மேடையேறி வாங்கிக்கிடுதேன்."

"நீங்களா? உங்களுக்குக் கை நல்லாத்தான இருக்கு?"

"மேடையில என் கைய யாரு பாக்கப் போறா?"

முத்துப்பாண்டி யோசித்தார். மேடையில் சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்றத்தின் செயலாளராக இருக்கிறவருக்கு மனசாட்சி உண்டு, ஆனால் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டுமே.

"சரி, வெரல மடக்கிக்கோங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அப்படியே வச்சுக்கோங்க. லிஸ்ட்ல மாரிசெல்வின்னு இருக்கே?"

"அத அடிச்சுட்டு விஜி, ராஜபாளையம்னு எழுதுங்க. நாளைக்கு எவனாவது விசாரிச்சா ஆளு நெசமா இருக்கணும்ல."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. அடித்துவிட்டு எழுதினார்.

விஜி மேடையேறினாள். பதினோரு வருஷத்தில் பால்சாமி எந்தப் பயனாளியின் முகத்தையும் பார்த்தவரில்லை. அவர் பார்வை எப்போதும் கேமராமேல்தான். பெட்டியை அவளுடைய மடங்கிய கைகளில் வைத்து, தன் கையை எடுக்காமல், பிறவியிலிருந்தே கை விளங்காத இந்தச் சகோதரிக்கு இன்றைக்கு நம் மன்றம் இரண்டு கைகளை வழங்கியிருக்கிறது என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் ஒரு அம்மாள் அழுதாள். பயனாளி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை விஜியின் வாய்க்கு நேராகப் பிடித்தார்கள்.

அவள் வாயில் அந்த நேரம் வந்து நின்ற வார்த்தைகளை வெளியே விட்டிருந்தால் மன்றத்தைக் கலைத்துவிட்டு எல்லோரும் சந்நியாசம் போயிருப்பார்கள். "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் பஸ்ஸில் போகும்போது மாரிசெல்வி போன் செய்தாள். நாலாவது பட்டன் ஒட்டிக்கொண்டதால் முதல் பாதியில் ஒரு கோல் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் அந்தப் பட்டன் இல்லாமலே ஆடப் பழகி ஒன்று போட்டிருக்கிறாள். அதையும் எதிராளி கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து தடுக்கப் பார்த்திருக்கிறான்.

"கேப்டன் நல்லாத் திட்டுனான்க்கா. பந்த வச்சுக்கிட்டு என்ன தவமா இருக்கன்னு கேட்டான். பொறவு, அடுத்த வாரம் பத்து நிமிசம் முன்னால வந்துருன்னான்."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறார் என்று விஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பெட்டியிலிருந்த பால்கோவாவைப் பிரித்துத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. பால்சாமி நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார், ஓரத்தில் மடங்கிய கைகளோடு விஜி. "ராஜபாளையம் விஜிக்குக் கை வழங்கிய விழா" என்று தலைப்பு. சாயங்காலத்துக்குள் ஊரில் பாதி செல்போன்களில் அந்தப் படம் ஓடியது. அந்தச் செல்போன்களில் பாதி, விஜி ரிப்பேர் செய்து கொடுத்தவை.

எல்லையிலிருந்து பாண்டிதுரை பதறிப்போய்ப் பேசினான். "ஏட்டி, போன மாசம் லீவுல பாத்தப்ப ரெண்டு கையும் இருந்துச்சே?" என்றான். அவனுக்கு மட்டும் நடந்ததைச் சொன்னாள். வேறு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். ராணுவ ரகசியத்தைக் காப்பாற்றிப் பழகியவன், சரியென்றான்.

ஊர் அப்படி இல்லை. ஒன்பது வருஷம் அவள் கடை முன்னால் நின்று, அந்தக் கை போர்டில் ஈயத்தை உருக்கிப் பொட்டு வைப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், பேப்பரில் வந்ததை நம்பினார்கள். எதிர்க்கடைக் குருவம்மாள், எனக்கு அப்பவே சந்தேகம் இருந்தது என்றாள். டீக்கடைக்காரர் கிளாசை அவள் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, ஆற்றியும் வைத்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க ரிப்பேருக்கு ஒரு போன்கூட வரவில்லை. வந்த ஒரே பையன் சார்ஜர் வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை நீங்களே வச்சுக்கோங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டு வாங்காமல் அந்தக் கடையிலிருந்து போன முதல் வாடிக்கையாளர் அவன்.

மாரிசெல்விக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரியே பேசினாள். "நான் சொல்லிருதேன்க்கா. கேப்டனுக்கும் சொல்லிருதேன், பேப்பர்காரங்களுக்கும் சொல்லிருதேன். எனக்காக உங்க பொழப்பு போகக் கூடாது."

"ஏட்டி, வாய மூடிட்டு ஆட்டத்தப் பாரு. ஊருக்கு எத்தன நாளைக்கு என்மேல பரிதாபம் இருக்கும்? வாரக் கடைசிக்குள்ள எவனாவது எவளோடயாவது ஓடிப் போவான், என்னய மறந்துருவாக."

புதன்கிழமை ஜெபக்குமார் வந்தான். ஒரு பெரிய மில்லின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். வாராவாரம் புதன்கிழமை போர்டுகளை அவன்தான் கொண்டுவருவான். கடை ஓடுவதே அந்த மில்லை வைத்துத்தான். போன வாரம் கொடுத்த மூன்றில் இரண்டு முடிந்து, மூன்றாவது மேஜைமேல் இருந்தது. விஜி ஈயக்கோலால் அதில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். கண் அவள் கைமேல் இருந்தது.

"பேப்பர்ல பாத்தேன்க்கா. மனசே கேக்கல. இம்புட்டு வருசமா வலிய மறைச்சுக்கிட்டு எங்களுக்கு வேல பாத்திருக்கீக. எங்க மேனேஜரும் பாத்துட்டாரு. அந்தப் பொம்பளைய இனிமே கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு அவியளே சொல்லிட்டாக. மூணையும் குடுத்துருங்க, கோயம்புத்தூருக்கே அனுப்பிக்கிடுதோம். நீங்க ரெஸ்ட் எடுங்க."

நல்லவன். உண்மையாகவே கண் கலங்கியிருந்தான். விஜிக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. சூடான ஈயக்கோலைப் பிடித்திருக்கும் இந்தக் கையைப் பார்த்துமா கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை போதும். அந்தப் படத்தில் இருக்க வேண்டியவள் நானில்லை என்று சொன்னால், பிறகு யார் என்று கேட்பான். சாயங்காலத்துக்குள் மில் முழுக்கத் தெரியும். பால்சாமி காதுக்கும் போகும். விட்டுப்போன போட்டோவை எடுக்க அவர் மேளத்தோடு கிளம்பிவிடுவார். நாக்கு நுனியில் பத்துப் பதில்கள் வந்து நின்றன. அவள் அதுவரை சொன்ன எதையும்விட நல்ல பதில்கள். பத்தையும் விழுங்கினாள்.

ஈயக்கோலை அணைத்துத் தாங்கியில் வைத்தாள். முடியாத மூன்றாவது போர்டில் எந்த இடத்தில் பழுது என்று ஒரு சீட்டில் எழுதி, கோயம்புத்தூர்க்காரனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சொருகினாள். மூன்றையும் பேப்பரில் சுற்றி நூல் போட்டாள். ஜெபக்குமார் பார்த்துக்கொண்டிருந்ததால், விரல்களைக் கொஞ்சம் மடக்கியே முடிச்சுப் போட்டாள்.